தூக்கி வரப்படாத ஆர்வில் ஸ்டக்கி

"உலகத்துல ரெண்டே வகை ஆம்பளைங்கதான். மைதானத்த விட்டு நடந்து வர்றவன், தூக்கிட்டு வரப்படுறவன். இந்த தேசத்தைக் கட்டினது ரெண்டாவது ஆளு."

1908 நவம்பரில் ஒரு சனிக்கிழமை மதியம், ஓஹையோவின் பெல்டன் கல்லூரி ஃபுட்பால் பயிற்சியாளர் ஆர்வில் ஸ்டக்கி தன் பதினோரு பேரிடமும் இதைச் சொன்னார். பன்னிரண்டாவது ஆள் கிடையாது. பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எதிரிமேல் பாயும் அந்த ஆட்டத்தில், ஆடிய காலத்தில் அவரையே மூன்று முறை தூக்கி வந்திருக்கிறார்கள். நான்காம் முறை தலையில் அடிபட்டும் எழுந்து, யாராலும் பிடிக்க முடியாமல் எண்பது கஜம் ஓடினார். சொந்த அணியின் எல்லைக்கோட்டை நோக்கி. அந்தப் பகுதி உரையில் வராது. அன்றிலிருந்து இடது காதில் ஒரு ரயில் ஊதிக்கொண்டே இருக்கிறது. வந்து சேர்ந்தபாடில்லை.

அவர் அணியில் தோல் தொப்பிக்குத் தடை. ஜூன் முதல் வளர்த்த முடிதான் கவசம்.

"ஏய், ஜடை பின்னிக்கிட்டு வரலியா?" என்று தொப்பிக்குள்ளிருந்து கத்தினார்கள் எதிரணியான மாரோ கல்லூரிக்காரர்கள்.

"பாப்பாங்களா, குல்லாவக் கழட்டாதீங்க, சளி பிடிச்சிக்கும்!" என்றார் ஸ்டக்கி.

ஐந்து ஆட்டம், ஐந்து தோல்வி. இதிலும் தோற்றால் வேலை இல்லையென்று கல்லூரித் தலைவர் திங்களன்றே சொல்லிவிட்டார், மிகுந்த மரியாதையோடு.

இரண்டாம் பாதியிலும் பூச்சியத்துக்குப் பூச்சியம். ஸ்டக்கிக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. அப்போதுதான் அணியின் ஒரே உருப்படியான ஓட்டக்காரன் க்ளெம் தலைகுப்புற விழுந்தான். எழுந்து ஓரக்கோட்டருகே வந்து சிரித்தான்.

"கோச், நாம எந்தப் பக்கம் ஓடணும்?"

"பதில் சொல்லாதீங்க கோச், வெளியிலேர்ந்து சொல்லிக் குடுத்தா தண்டம் போடுவாங்க!" என்று அலறினான் அணித் தலைவன் வில்பர்.

"உங்கம்மா பேரு என்னடா?" என்றார் ஸ்டக்கி.

க்ளெம் பணிவாக யோசித்தான். "இருங்க கோச். நாக்கு நுனியில இருக்கு."

ரயில் ஊதியது. ஸ்டக்கி கோட்டைத் தாண்டி உள்ளே போய் அவன் கையைப் பிடித்தார். நடுவர் பதினைந்து கஜம் தண்டம் விதித்தார்.

"வெளிய போனா திரும்ப வரமுடியாது கோச்! பத்துப் பேர வச்சுத் தோத்துருவோம்!" என்றான் வில்பர்.

"தெரியும்."

"என்னைத் தூக்கிட்டுப் போகலியா கோச்?" என்றான் க்ளெம், ஏமாற்றத்தோடு.

"காலு நல்லாத்தானே இருக்கு. நட."

இருவரும் நடந்தே கோட்டைத் தாண்டினார்கள். முதுகுக்குப் பின்னால் மாரோ கூட்டம் ஆர்ப்பரித்தது. முதல் ஐந்து புள்ளிகள்.

"நாம ஜெயிச்சிட்டமா கோச்?"

ஸ்டக்கி அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாயெடுத்தார். நாக்கு நுனியில்தான் இருந்தது.