ஒற்றைக் கைக்கு ஒரு மாவு பிசையும் இயந்திரம்

1

இது கதையாகப் பிறக்கவில்லை. புகார்க் கடிதமாகப் பிறந்தது. மாவு பிசையும் இயந்திரத்தை மாவு போட்டுக் காட்டாமலே விற்கும் ஒரு கடையின் மேலாளருக்கு எழுதத் தொடங்கினேன். மூன்றாம் பக்கத்தில் எனக்கே ஐயம் தோன்றியது. புகார் சொல்கிறவன் எவனும் கடைக்காரரின் விரல்களை இவ்வளவு நுணுக்கமாக வருணிப்பதில்லை. ஆகவே 'ஐயா' என்னும் விளியை அடித்துவிட்டு, தலைப்பொன்றை எழுதினேன்.

(இதில் வரும் தம்பி நான்தான். அவனைப் படர்க்கையில் நிறுத்தியதற்குக் காரணம் அடக்கமன்று; திட்டுவதற்கு வசதி.)

2

முதல் தொடக்கம்: 'அன்று வானம் மேகமூட்டத்துடன்...'

வேண்டாம். இயந்திரம் வாங்கப் போகிறவர்களுக்கு வானத்தோடு என்ன வழக்கு?

இரண்டாம் தொடக்கம்: 'மனித வாழ்வில் கை என்பது...'

இவ்வாக்கியம் எங்கே போய்ச் சேரும் என்று எனக்கே தெரியவில்லை. இத்தகைய வாக்கியங்களைப் பிள்ளைகளின் கட்டுரைகளில் நாற்பதாண்டுகள் சிவப்பு மையால் வெட்டியவன், தன்னுடையது என்பதற்காக ஒன்றை விட்டுவைக்கலாகாது.

மூன்றாவது, நேராக: குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அக்காளின் வலக்கை மணிக்கட்டு இரண்டு இடங்களில் முறிந்தது. எலும்பு கூடிய பிறகும் பிடிமானம் திரும்பவில்லை. இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் முப்பதாண்டுகள் வேலை பார்த்தவள். துளியளவு பிசகையும் பொறுக்காதவள். கணவர் மறைந்தபின் தனியாக வாழ்கிறாள். தன் ரொட்டியைத் தானே பிசைந்து சுட்டுத் தின்கிறாள். அவளுடைய மகள் தொலைபேசியில் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்:

"அம்மா, ஞாயித்துக்கிழமை வரேன். யார் துணையும் இல்லாம ஒரு ரொட்டி செஞ்சு காட்டு. முடியலைன்னா வீட்டைப் பூட்டிட்டு என்கூட வந்துடணும். சரியா?"

"சரி. எனக்காகக் காலிப் பெட்டி எதுவும் தூக்கிட்டு வராதே. வீண் சுமை."

பணயம் இன்னதென்று வாசகருக்கு விளங்கியிருக்கும்: வீடு.

3

தம்பி களத்தில் இறங்கினான். ஸ்டாண்ட் மிக்ஸர் என்னும் மாவு பிசையும் இயந்திரத்தைப் பற்றி அவன் அறிந்தது ஒன்றுமில்லை. அறியாத ஒன்றுக்கு மதிப்பெண் போடும் துணிச்சலுக்கு மட்டும் குறைவில்லை. ஏழு இயந்திரங்களுக்கு அட்டவணை வரைந்தான். மோட்டாரின் திறனுக்கு முப்பது, கிண்ணத்தின் கொள்ளளவுக்கு இருபத்தைந்து, எடைக்கு இருபது (கனமானது மேடையில் நகராதாம்), உத்தரவாதத்துக்குப் பதினைந்து, தோற்றத்துக்குப் பத்து. தொண்ணூற்றொன்று பெற்று முதலிடம் பிடித்தது, கன்றுக்குட்டி அளவில் ஓர் இரும்புப் பூதம்.

கடையில் அந்தத் தாளை அக்காள் இடக்கையால் வாங்கிப் படித்தாள்.

"டேய், இதுல என் கை எங்கடா?"

"கையா?"

"இடது கை. இப்போதைக்கு எனக்கு வேலை செய்யற ஒரே கை. அதுக்கு எத்தனை மார்க்?"

தம்பி எட்டி அட்டவணையை மேலிருந்து கீழாகத் தேடினான்.

"உன் ஃபர்ஸ்ட் ரேங்க் மாணவனை ஒரு கையால நகர்த்து, பாக்கலாம். ஏழு லிட்டர் கிண்ணமாம்! நான் ஒருத்தி திங்கற மாவைப் போட்டா பிசையற கொக்கி அதைத் தொடவே தொடாது. காத்தைத்தான் பிசையும்."

"வீட்டுக்கு விருந்தாளிங்க வந்தா, அக்கா..."

"நீ ஒருத்தன்தான் வருவே. உனக்கு ரெண்டு துண்டு போதும்."

4

விற்பனையாளரை முதல் வரைவில் வில்லனாக்கியிருந்தேன். 'நேர்மையற்ற மீசை' என்றுகூட எழுதிவிட்டேன். (மீசை எவ்வாறு நேர்மை தவறும் என்று கேளாதீர்கள். சினம் கொண்டவனின் அடைமொழிகளை மறுநாள் திருத்துவதே முறை; திருத்திவிட்டேன்.) அக்காள் கைப்பையிலிருந்து மாவுப் பொட்டலத்தை எடுத்ததும் அவர் குறுக்கே வந்ததுதான் என் சினத்துக்கு மூலம்.

"மாவு போட்டுக் காட்டறதில்லைம்மா. கடை ரூல்."

மையின்றிப் பேனா விற்பதற்கு ஒப்பான அநீதி இது என்று தம்பி சொற்பொழிவு தொடங்கினான். அக்காள் அதற்குக் காத்திருக்கவில்லை. ஒரு நாற்காலியை இழுத்து இயந்திரங்களுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"சரி, மாவு வேணாம். உங்க வலது கையைப் பாக்கெட்டுல விடுங்க. ஒவ்வொண்ணா திறந்து மூடுங்க. நான் பாக்கறேன்."

"நானாம்மா?"

"எல்லாமே ரொம்ப ஈஸின்னு சொன்னது நீங்கதானே?"

இங்கேதான் என் வில்லன் கைநழுவிப் போனார். அவர் வலக்கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டார். முக்கால் மணி நேரம் வெளியே எடுக்கவில்லை. முதல் இயந்திரத்தின் பூட்டு வலப்புறம் இருந்தது. இடக்கையை அதன்மேல் வளைத்துக் கொண்டுபோய், உடம்பை முறுக்கித் தடுமாறினார். மூன்றாவதில், பூட்டை அழுத்திப் பிடித்தவாறே கொக்கி தொங்கும் தலையையும் தூக்க வேண்டியிருந்தது. ஐந்தாவதில் கொக்கியை மாட்டப் போனால் அது விரல்களிலிருந்து நழுவிக் கிண்ணத்துக்குள் விழுந்தது. நான்கு முறை விழுந்தது.

"பதினோரு வருஷமா விக்கறேன்மா. இது எனக்குத் தெரியவே தெரியாது" என்றார். அவ்வியப்பில் பொய்யில்லை.

ஆறாவது நடுத்தர அளவு. தம்பியின் அட்டவணையில் முப்பத்துநான்கு பெற்றுத் தோற்றது. இடப்புறப் பொத்தானைத் தட்டினால் தலை தானே எழுந்தது. கால் சுற்றுத் திருப்பினால் கிண்ணம் கழன்றது. அக்காள் எழுந்து வந்து பத்து முறை தானே செய்து பார்த்தாள்.

"இதுதான்."

5

முடிவுகள் இரண்டு வைத்திருந்தேன்.

(அ) ரொட்டி பொன்னிறமாக எழும்ப, மகள் கண்ணீர் மல்கத் தாயைத் தழுவுகிறாள்.

(ஆ) அக்காள் கண்ணீர் மல்க வீட்டைப் பூட்ட, தம்பி...

இரண்டையும் அக்காளிடம் படித்துக் காட்டினேன்.

"ரெண்டுலயும் யாராவது அழுதுக்கிட்டே இருக்காங்க. அன்னிக்கு யாருடா அழுதா? நடந்ததை எழுது."

6

நடந்தது இது. ஞாயிறு முற்பகல். சமையலறை வாசலில் மகளும் தம்பியும் நின்றார்கள். இயந்திரம் எட்டு நிமிடம் பிசைந்தது. மாவு கிண்ணத்தின் சுவரை விட்டு விலகி ஒரே உருண்டையாகத் திரண்டது. அக்காள் பொத்தானைத் தட்டினாள், தலை எழுந்தது. கொக்கியைக் கழற்றினாள். கிண்ணத்தைத் திருப்பினாள்.

திரும்பவில்லை. கடையில் அது வெறுங்கிண்ணம். இங்கோ கெட்டி மாவு எட்டு நிமிடம் குலுக்கியதில் கிண்ணம் தன் இருக்கையில் இறுகிக்கொண்டது. இன்னும் அழுத்தினால் இயந்திரமே சேர்ந்து சுழன்றது. மகள் ஓரடி எடுத்து வைத்தாள். தம்பியும்.

"ரெண்டு பேரும் அங்கேயே நில்லுங்க. கையைக் கட்டிக்கிட்டு."

"அம்மா, வலிக்கப் போகுது."

"வலிச்சா சொல்றேன்."

அவள் இயந்திரத்தைச் சுவர் மூலைக்குத் தள்ளினாள். வலது முழங்கையை அதன் முதுகில் முட்டுக்கொடுத்தாள். ஈரத்துணியைக் கிண்ணத்தின் விளிம்பில் சுற்றி, இடக்கையால் பற்றினாள்.

கழன்றதா? எனக்குத் தெரியும், நான் அங்கே இருந்தேன். எழுதமாட்டேன். கழன்றது என்றால் நல்ல இயந்திரம் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவீர்கள். கழலவில்லை என்றால், மகளுக்கு முன்பே நீங்கள் அவளை வீட்டைவிட்டுக் கிளப்பிவிடுவீர்கள். இரண்டையும் அனுமதிப்பதற்கில்லை.

அவள் காலை அகட்டி ஊன்றி, உடம்பின் பாரம் முழுவதையும் அந்த ஒரு கைக்குக் கொடுத்து, மறுபடி திருப்புகிறாள். ஓடிப்போய்ப் பிடிக்கலாமா என்று உங்களுக்கும் தோன்றும். தோன்றட்டும். இப்படி வந்து எங்கள் இருவருக்கும் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள்.