பெயர்ப்பட்டியலில் இல்லாத குரல்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது, எங்கள் பொதுக் குடியிருப்பின் நடைவழியில் மாட்டியிருக்கும் தொலைபேசியிலிருந்து. ஒட்டுக்கேட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். லெனின்கிராதில் ஐந்து குடும்பங்களுக்கு ஒரு தொலைபேசி. கேட்காமல் இருப்பதுதான் கடினம்.

"கபித்தோலினா அழகியல்ல" என்று முதலில் தொடங்கினேன். அடித்துவிட்டேன். பக்கத்து அறைக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், தனியாள். இது போதும்.

2

நான் ஸ்டூடியோவில் பழைய நாவல்களைப் பட வசனமாக்குகிறவள். அந்த வருடம் எடுத்தது, எல்லோரும் பள்ளியிலேயே படித்த நாவல். (நாயகிக்கு எந்த முகம் கொடுத்தாலும் எங்கள் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். குரல் அப்படியல்ல, படித்த நாளிலிருந்து அது அவரவர் காதில் இருக்கிறது.) நாயகியாக நடித்த ரீகா நகரத்துப் பெண் பேரழகி, வாயைத் திறந்தால் வேற்றூர் வாடை. குரல் கொடுத்தவர் கபித்தோலினா. திரையில் அவர் பெயர் வரவில்லை.

3

ஒரு ஞாயிறு யாரோ எண் மாற்றி அழைத்தார். கபித்தோலினா எடுத்து, "ராங் நம்பருங்க" என்றார். மறுமுனை வைக்கவில்லை.

அவர் பெயர் எராஸ்ட். பாலம் கட்டும் பொறியாளர், மனைவியை இழந்தவர். படம் பார்த்திருந்தார்; நாவலைப் படித்த வயதில் தனக்குக் கேட்ட அதே குரல் என்றாராம். நீங்கள்தான் அந்த நடிகையா என்று அவர் கேட்கவில்லை. இல்லை என்று இவரும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் பேசினார்கள். அப்போதெல்லாம் கபித்தோலினாவின் முகம் [இந்த வாக்கியம் வேண்டாம். அவர் சிரித்தார்.]

பிறகு எராஸ்ட் சந்திக்கக் கூப்பிட்டார்.

"போகாதீங்க. அவர் மனசுல இருக்கறது ரீகாக்காரி மூஞ்சி," என்றேன்.

"தெரியும் நியூரா. ஆனா இத்தனை நாள் பேசினது நான்தானே?"

4

பூங்கா வாசலுக்குப் போனார். திரும்பி வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னார்:

"கையில பூவோட ரெண்டு தடவை என்னைத் தாண்டிப் போனாரு. வர்ற சின்னப் பொண்ணுங்களை எல்லாம் உத்து உத்துப் பார்த்தாரு. அப்புறம் எங்கிட்ட வந்து, மணி என்னன்னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

அவர் தன் அறைக்குள் போய்விட்டார்.

5

நான் எழுதிய ஒரு பிரதியில் கபித்தோலினா மணி சொல்கிறார். குரலைக் கேட்டதும் எராஸ்ட் கையிலிருந்த பூ விழுகிறது. சினிமாத்தனம், கிழித்தேன். இன்னொன்றில் வாய் திறக்காமல் கைக்கடிகாரத்தை நீட்டிக் காட்டுகிறார். அதற்குமேல் என்னால் எழுத முடியவில்லை. அடுத்த ஞாயிறு தொலைபேசி அடித்ததா என்று கேட்காதீர்கள். வேண்டுமென்றே வெளியே போய்விட்டேன்.

எனவே அவர்களை வாசலிலேயே விட்டிருக்கிறேன். எராஸ்ட் தொப்பியைக் கழற்றிவிட்டு, மரியாதையாகக் காத்திருக்கிறார். உங்களைத்தான் கேட்கிறார். மணியைச் சொல்லுங்கள், இல்லையென்றால் கடிகாரக் கையை நீட்டுங்கள்.