எல் சைஸ் முடிந்துவிட்டது

1

ஹேமநாத்துக்கு வர வேண்டிய சட்டை வரவில்லை. அதனால்தான் இந்தக் கதையை எழுதுகிறேன். வேறு பெரிய காரணம் எதுவும் கிடையாது.

ஹேமநாத் ஆரணியில் எங்கள் தெருவில் பட்டு நெய்கிறவன். முப்பதைத் தாண்டியவன். தறி அவனுடையது, பட்டு முதலாளியுடையது, கால்பந்துப் பைத்தியம் முழுக்க அவனுடையது. சென்னை கிளப் ஒன்றின் இந்த வருடத்து ஜெர்ஸி அவனுக்கு வேண்டும். எல் சைஸில் வேண்டும். ஒரிஜினலாக வேண்டும். இந்த மூன்றும் ஒன்றுசேர்ந்து சீசன் முழுக்கக் கிடைக்கவில்லை.

"நீங்க இன்னான்னாவோ எழுதிகினு கீறீங்க, இதயும் எழுதுங்கண்ணா" என்றான்.

"சட்ட கெடைக்கலன்றதுல இன்னாடா கதை கீது?"

"கதை இல்லண்ணா. பேஜாரு கீது. அத எழுதுங்க."

(கிளப்பின் பெயரை வங்கக்கடல் எஃப்.சி. என்று வைத்துக்கொள்கிறேன். அப்படி ஒன்று கிடையாது. தேடாதீர்கள். தேடினாலும் ஸ்டாக் இருக்காது.)

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

"விடிவதற்கு முன்பே ஆரணித் தெருக்களில் தறிகளின் ஓசை ஓர் இசையைப் போல"

அடித்துவிட்டேன். என் அப்பா சாயப்பட்டறையில் கொதிக்கிற தண்ணீருக்குள் பட்டு முறுக்கினவர். வேலை முடிந்து வந்து படுத்தால் பக்கத்து வீட்டுத் தறிச்சத்தத்துக்குத் தலையணையைக் காதில் அமுக்கிக்கொள்வார். அதை இசை என்று எழுதுகிறவன் அதற்குப் பக்கத்தில் குடியிருந்து பார்க்க வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்:

"கழுத்தில் வழிந்த அரக்குச் சாயத்தைத் துடைத்தபடி ஸ்டேடியத்துக்கு வெளியே நின்ற ஹேமநாத், வாழ்க்கையில் முதல்முறையாக"

முதல்முறையாக என்ன? எழுதிய பிறகு யோசித்தேன். வெளியே நிற்பது அவனுக்கு முதல்முறை இல்லை. அதனால் இதையும் விட்டுவிட்டேன். அந்தச் சாயம் மட்டும் பின்னால் வரும்.

மூன்றாவது தொடக்கம் எதுவும் இல்லை. நடந்ததை நடந்த வரிசையில் சொல்லிவிடுகிறேன்.

3

சீசன் தொடங்கும் முன் கிளப் புது ஜெர்ஸியின் படத்தை வெளியிட்டது. அரக்கு உடம்பு, மாம்பழ மஞ்சள் கழுத்து. ஹேமநாத்தின் மனைவி சத்யப்ரியா ஃபோனை வாங்கிப் பார்த்தாள்.

"இன்னாங்க, நம்ம கல்யாணப் பொடவ கலரு!"

"அதான். ஊருக்கே பொருத்தம்" என்றான்.

விற்பனை தொடங்குகிற நேரத்துக்குத் தறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தான். பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தது. நின்றபோது எஸ் சைஸும் மூன்று எக்ஸ் போட்ட சைஸும்தான் மிச்சம்.

"எஸ் வாங்குங்க, நான் போட்டுக்கறேன்" என்றாள் சத்யப்ரியா.

"உனக்குத்தான் லேடீஸ் சைஸ்னு தனியா போட்டிருக்கானுங்களே."

"எங்க?"

"படத்துல."

படத்தில் மட்டும்தான் இருந்தது. ஒரு பெண் அதைப் போட்டுக்கொண்டு கடற்கரையில் சிரித்தாள். அமுக்கினால் 'விரைவில்' என்று வந்தது. சீசன் முடியும்வரை அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள்.

கோல்கீப்பரின் பச்சை ஜெர்ஸி எல்லா சைஸிலும் கிடைத்தது. போன வருடத்து ஜெர்ஸி, ஓடிப்போன ஸ்பான்சரின் பெயரோடு, பாதி விலைக்குக் கிடைத்தது. ஸ்டேடியத்துக் கடையில் சாவிக்கொத்து, காபி கப், கைக்குழந்தைக்குக் கழுத்தில் கட்டுகிற எச்சில் துணி எல்லாம் கிடைத்தன.

"பல்லு மொளைக்காத புள்ளைக்குக் கூட ஜெர்ஸி கலர்ல துணி வெச்சிகினு கீறானுங்க. டிக்கெட் வாங்கறவனுக்கு இல்ல" என்றான் ஹேமநாத்.

ஆனால் அவன் பதறவில்லை. மற்றவர்கள் இரண்டு மடங்கு விலைக்கு யாரிடமோ வாங்கியபோது இவன் சிரித்தான். அவன் செய்த தப்பு இதுதான்: 'ஸ்டாக் இல்லை' என்ற சொல்லை அவன் ஆரணிக்காரனாகப் படித்தான். எங்கள் ஊரில் ஒரு புடவை முடிந்துவிட்டது என்றால் அடுத்த பாவு* ஏற்றும்வரை பொறு என்று அர்த்தம். டிசைனைத் துளையாக அடித்த அட்டை வீட்டில் இருக்கிறது, தறி இருக்கிறது, கை இருக்கிறது. கேட்கிறவர்கள் இருக்கும்வரை அதே புடவை திரும்பத் திரும்ப வரும். வாங்க ஆள் நிற்கும்போது ஒரு பொருளை நிறுத்துவார்கள் என்பது அவன் புத்திக்கு எட்டவில்லை.

(* பாவு: தறியில் நீளவாக்கில் ஏற்றும் நூல். ஊர்க்காரர்களுக்கு இந்தக் குறிப்பு தேவையில்லை. அவர்கள் இந்தக் கதையைப் படிக்கப்போவதும் இல்லை.)

பாதி சீசன் காத்திருந்துவிட்டு கிளப்பின் நம்பருக்கு ஃபோன் போட்டான். சத்யப்ரியா பக்கத்திலிருந்து கேட்டு எனக்கு நடித்தே காட்டினாள்.

"மேடம், எல் சைஸு அடுத்த பாவு எப்ப ஏத்துவீங்க?"

"சாரி சார், என்ன கேட்டீங்க?"

"திரும்பப் போடுவீங்க இல்ல, அது எப்பன்னு."

"இந்த சீசனுக்கு ப்ரொடக்‌ஷன் முடிஞ்சிடுச்சு சார்."

"டிசைன் உங்ககிட்டதான கீது?"

"இருக்கு சார்."

"மிஷினு ஓடுதா?"

"சார்..."

"வாங்க ஆளு கீறோம். அப்புறம் இன்னாம்மா?"

அந்தப் பெண் வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். பிறகு எங்கள் சேவைக்கு எத்தனை ஸ்டார் என்று மெசேஜ் வந்தது. ஹேமநாத் ஐந்து கொடுத்தான்.

"அந்தப் பொண்ணு இன்னா பண்ணும், பாவம்."

4

இந்த இடத்தில் எனக்கே சந்தேகம் வந்தது. ஒரு சட்டைக்கு இவ்வளவா? இவனை யார் நம்புவார்கள்? முந்தைய வரைவில் ஹேமநாத்துக்கு ஒரு நோய் கொடுத்துப் பார்த்தேன். சாவதற்குள் ஜெர்ஸி போட வேண்டும் என்று ஒரு ஆசை. நன்றாக அழுகை வந்தது. கிழித்துப் போட்டேன். அவன் நன்றாக இருக்கிறான். முதுகுவலி மட்டும்தான், அது தெருவில் எல்லோருக்கும் இருக்கிறது.

அதனால் அவனிடமே கேட்டேன்.

அவனை முதலில் மேட்ச்சுக்குக் கூட்டிப்போனது ரஞ்சித்குமார். பள்ளியில் கூடப் படித்தவன், செய்யாறு ஷூ கம்பெனியில் ஷிப்ட் வேலை. வடக்கு கேலரியில் போய் நின்றார்கள். அங்கே எல்லோரும் கடைசிவரை நின்றுகொண்டேதான் பார்ப்பார்கள், பாடுவார்கள், கத்துவார்கள்.

"நான் காலையிலேருந்து தறிக்குழியில கால விட்டு உக்காந்தே கீறேன்ணா. அங்க ஒருத்தனும் உக்கார மாட்டான். உக்காந்தா திட்டுவான். இன்னிக்கு எவ்ளோ நெய்ஞ்சன்னு எவனும் கேக்க மாட்டான். கோல் போட்டா யாருன்னே தெரியாதவன் கட்டிப்புடிச்சிக்கறான். ஆரணியில என்னை யாருண்ணா கட்டிப்புடிக்கறாங்க?"

சத்யப்ரியா உள்ளேயிருந்து, "கேக்குது, கேக்குது" என்றாள்.

மூன்று சீசன் சாதா டீஷர்ட்டில் போய் நின்றான். இந்த வருடம் டிக்கெட் வாங்கி வைத்த பிறகு அறிவிப்பு வந்தது. கடைசி ஹோம் மேட்ச்சுக்கு வடக்கு கேலரி முழுக்க அரக்குச் சுவராக இருக்க வேண்டும், டிவியில் காட்டுவார்கள், இந்த வருடத்து ஜெர்ஸி போடாதவர்களுக்கு அங்கே இடமில்லை. ஜெர்ஸியை விற்காத அதே கிளப் சொன்னது.

ஹேமநாத்தின் கையைவிட்டுப் போக இருந்தது அந்த இடம். நிற்கிற இடம்.

5

"பிளாட்பாரத்துல டூப்ளிகேட் விக்கறான் மச்சான், வாங்கிக்கோ. எவன் பாக்கப்போறான்?" என்றான் ரஞ்சித்குமார். அவனிடம் ஒரிஜினல் இருந்தது. கம்பெனி நெட்டில் முதல் நிமிடத்திலேயே வாங்கிவிட்டான்.

"பவர்லூம் பொடவைய கைத்தறின்னு விக்கறவன காறித் துப்பிகினு, நானே டூப்ளிகேட் போடறதா? போடா."

பிறகு அவனுக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினான். கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிற தமிழ்வாணனிடம் ஃபோனை நீட்டினான்.

"இந்த சின்னத்துக்கு அட்ட அடிச்சிக் குடு."

"எந்த மொதலாளி டிசைன் இது?"

"கிளப்பு."

"சீட்டாடற கிளப்பா?"

சாம்பிள் கொண்டுவந்தால் செய்து கொடுப்பது எங்கள் ஊர் வழக்கம். சூரத்திலிருந்து வருகிறவன் எங்கள் புடவையை ஃபோட்டோ பிடித்துக்கொண்டு போய் ஒரே வாரத்தில் மிஷினில் அடிக்கிறான், அவனையே யாரும் கேட்டதில்லை. பாவு முடியும் இடத்தில் புடவைக்குப் போதாமல் மிஞ்சிய அரக்குப் பட்டு நூலை முதலாளியிடம் கேட்டு வாங்கினான். நெய்தான். நெஞ்சில் ஜரிகையில் கிளப் சின்னம். தெரு டெய்லர் மாம்பழக் கழுத்து வைத்துத் தைத்தார். அளவு எல்.

இங்கே நான் ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை அப்படியே விடுகிறேன், பாருங்கள்:

[அசல் பட்டின் மினுமினுப்புக்கு முன்னால் அந்தப் பாலியஸ்டர் ஜெர்ஸிகள் வெட்கித் தலைகுனிந்தன. ஒரு நெசவாளியின் விரல்கள் ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பதில் சொல்லிவிட்டன. ஹேமநாத் பெருமையோடு]

பொய். படிக்கிறவர்கள் கைதட்டுவார்கள் என்பதற்காக எழுதினேன். அவன் பெருமையோடெல்லாம் இல்லை. சட்டையைக் காட்டும்போது முகம் தொங்கியிருந்தது.

"நல்லாத்தானடா கீது?"

"நல்லாத்தான் கீது. ஆனா பட்டுதானண்ணா தெனம் பாக்கறேன். எனக்கு அந்த வழவழா துணிதான் வேணும். தோச்சு ஓதறுனா காஞ்சிடும்ல, அது. அவனுங்க போட்டுகினு கீறது."

இதை எழுதவே எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் கதை இதுதான். அவனுக்குப் பட்டு வேண்டாம்.

6

மேட்ச் அன்று மத்தியானமே பஸ் ஏறினார்கள். வெயில். பட்டுச்சட்டைக்குள் வேர்த்துக் கொட்டியது. வடக்கு கேட்டில் ஸ்கேனர் வைத்திருந்த பெண் ரஞ்சித்குமாரை விட்டாள். ஹேமநாத்தை நிறுத்தினாள்.

"அண்ணா, இது ஒரிஜினல் இல்லைண்ணா."

"அசல் பட்டும்மா. தொட்டுப் பாரு."

அவள் தொட்டுப் பார்த்தாள். நல்ல பெண்தான். "சூப்பரா இருக்குண்ணா. ஆனா இந்த வருஷ ஜெர்ஸி போட்டாதான் விடணும்னு சொல்லியிருக்காங்க. என் வேலை போயிடும்."

"வேற கேலரிக்காவது விடும்மா."

"டிக்கெட்டு வடக்குதானேண்ணா, அங்க ஸ்கேன் ஆகாது."

பின்னால் வந்தவர்கள் "செம்மயா கீது தலைவா, எங்க வாங்குன?" என்று அவனோடு செல்ஃபி எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். கிளப்பின் வீடியோ எடுக்கிற ஒருவன் சட்டையைச் சுற்றிச் சுற்றி எடுத்தான். அவனும் உள்ளே போனான். பிளாட்பாரத்து டூப்ளிகேட் போட்டவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். ஒரிஜினலும் பாலியஸ்டர், டூப்ளிகேட்டும் பாலியஸ்டர், அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? வித்தியாசமாகத் தெரிந்தது இவன் ஒருவன்தான்.

கம்பிக்கு அந்தப் பக்கம் ரஞ்சித்குமார் நின்றுகொண்டிருந்தான்.

"மச்சான், ஜல்தியா போய் ஒண்ணு வாங்கிகினு வாடா. எனக்காகடா."

ஹேமநாத் மாட்டேன் என்று தலையாட்டினான். பிறகு ஓடினான். பவர்லூம்காரனைத் துப்பின அதே வாயால் பிளாட்பாரக் கடைக்காரரிடம் கேட்டான்.

"எல் சைஸ் ஒண்ணு குடுங்க."

"எல்லு முடிஞ்சிருச்சுபா. எஸ்ஸு கீது, வேணுமா?"

உள்ளே விசில் அடித்துவிட்டார்கள். அவன் திரும்பி வந்து கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "போடா, ஆரம்பிச்சிட்டாங்க" என்றான். ரஞ்சித்குமார் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போனான். கோல் விழுந்தபோது சத்தம் வெளியே வந்தது. யார் போட்டது என்று தெரியவில்லை. வேர்வையில் புதுச்சாயம் விட்டு, கழுத்து, காலர், உள்பனியன் எல்லாம் அரக்காகியிருந்தது. செய்யாறு தாண்டும்வரை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "இன்னாபா, அடி பட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாராம்.

7

முடிவுகள் சில வைத்திருந்தேன்.

அ. கேட்டுப் பெண் மனம் மாறுகிறாள். (மாறவில்லை. மாறியிருந்தால் அவள் வேலை போயிருக்கும், அதை எவன் எழுதுவான்?)

ஆ. கேலரியில் எல்லோரும் பட்டுச்சட்டை கேட்டு ஆர்டர் கொடுக்கிறார்கள். ஹேமநாத் முதலாளி ஆகிறான். (ஒரு பத்திரிகை ஆசிரியர் இதைத்தான் கேட்டார். 'பாசிட்டிவாக இருக்குமே' என்றார். பட்டைவிட்டுத் தப்பிக்கப் போனவனை இன்னும் பட்டுக்குள் அமுக்குவது பாசிட்டிவாம்.)

இ. கிளப் வீடியோவைப் பார்த்து அவனைக் கூப்பிடுகிறது.

இதில் பாதி நடந்தது. கிளப் வீடியோவைப் போட்டது. லட்சம் பேர் பார்த்தார்கள். அவனைக் கூப்பிடவில்லை. அடுத்த சீசனுக்கு 'நெசவு ஸ்பெஷல்' என்று ஒரு ஜெர்ஸி அறிவித்தார்கள். பாலியஸ்டர்தான், ஜரிகை மாதிரி பிரிண்ட் அடித்த சின்னம், அவன் சட்டைக் கழுத்தின் அதே வெட்டு. ஹேமநாத்துக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவன் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், விற்பனை திறக்கும் நேரத்துக்கு. பக்கம் சுற்றியது. நின்றது. எல் இல்லை.

நேற்று அவன் வந்து, எழுதினதைப் படித்துக் காட்டச் சொன்னான். முழுக்கக் கேட்டான்.

"எல்லாம் சரிதாண்ணா. கதைதான, கடைசியில எனக்கு ஒண்ணு வாங்கிக் குடுங்களேன். உங்களுக்கு இன்னா செலவு?"

"நம்ப மாட்டாங்கடா."

"யாரு நம்பணும்? நான் படிச்சிக்கறேன்."

அவன் போன பிறகு ராத்திரி உட்கார்ந்து எழுதினேன்:

"கூரியர்காரர் தெருமுனையிலிருந்தே பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஹேமநாத் குழியிலிருந்து காலை எடுத்து எழுந்து வந்தான். கவரைப் பிரித்தான். அரக்கு. மாம்பழக் கழுத்து. தோய்த்து உதறினால் காய்ந்துவிடுகிற அந்த வழவழப்பான துணி. கழுத்தின் உள்பக்கம் சைஸ் தைத்திருந்தது. அது"

இதற்கு மேல் எனக்குக் கை வரவில்லை. நாலைந்து தடவை முயன்றேன். எழுதும்போதெல்லாம் எஸ் என்றே வருகிறது. நான் வளர்ந்த வளர்ப்பு அப்படி.

உங்களுக்கு வருமா பாருங்கள். மிச்சம் இருப்பது அந்த ஓர் எழுத்துதான்.