பன்னிரண்டு பேர் வீட்டுக் கச்சேரி

"காசைத் திருப்பிக் குடுத்திடுறேன் அண்ணே. சாரி," என்றாள் இளமதி தொலைபேசியில்.

"காசை யாரும்மா கேட்டா?" என்றான் சின்னராசு. சிங்கப்பூரில் கப்பல் கட்டும் துவாஸ் ஷிப்யார்டின் கேன்டீன் பெஞ்சில், மடியில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

இளமதி வாரநாட்களில் புக்கிட் பாஞ்சாங்கில் ஒரு பாலர் பள்ளியில் ஆசிரியை. ஞாயிறு மாலைகளில் லிட்டில் இந்தியாவில் கித்தாரோடு நின்று, தானே கட்டிய பாட்டுகளைப் பாடுவாள். முதல் ஆல்பத்தைப் பதிவு செய்ய இணையத்தில் ஒரு பக்கம் திறந்து ரசிகர்களிடம் பணம் கேட்டிருந்தாள். இருபது வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், போட்டால் பாட்டுகள் முதலில் வந்து சேரும். ஐம்பது போட்டால் கையெழுத்திட்ட சிடி. அறுநூறு போட்டால் உங்கள் வீட்டுக்கே வந்து ஒரு மணி நேரம் பாடுவாள். அந்தக் கடைசி வரிசையை யாரும் தொடவில்லை, சின்னராசுவின் அறைக்காரர்களைத் தவிர. ஆளுக்கு ஐம்பதாகப் பன்னிரண்டு பேர் சேர்ந்து போட்டார்கள். பெயர் கேட்ட இடத்தில் 'அறை 7-12' என்றும், முகவரி கேட்ட இடத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் தங்கும் டார்மிட்டரி விலாசத்தையும் எழுதினான் சின்னராசு. அங்கேதான் இடித்தது. அறைக்குள் விருந்தாளியை விட முடியாது என்று டார்மிட்டரி அலுவலகம் சொல்லிவிட்டது. வேண்டுமானால் கீழே ஹாலைத் தருவார்களாம்.

"ஹால்ல வெச்சா என்னண்ணே? நான் பாடுறது ஒண்ணுதானே."

"அது ஆபீஸ் ப்ரோக்ராம் ஆயிடும்மா. பேனர் கட்டுவாங்க, பேசுவாங்க. ஏழு வருஷமா இந்த ஊர்ல யார் யாரோ எங்களைக் கூப்பிட்டு பிரியாணிப் பொட்டலம் குடுத்திருக்காங்க. நல்ல மனசுதான், இல்லேங்கலே. ஆனா நாங்க கதவைத் திறந்து ஒருத்தரை 'வாங்க, உக்காருங்க'ன்னு சொன்னதில்லை. அதுக்குத்தான் அந்த வரிசையில போட்டோம். பாட்டை நாங்க ஞாயித்துக்கிழமை சும்மாவே கேக்குறோமே."



"ஒரு வீடு சொல்லுங்கண்ணே. சிங்கப்பூர்ல எந்த மூலைன்னாலும் வர்றேன் லா," என்றாள் இளமதி.

ஒரு வீடு. சொல்வது எளிது. அடுத்த ஞாயிறு சின்னராசு உம்மு சல்மாவின் தையல் கடையில் கால்சட்டையின் நீளம் குறைக்க நின்றபோதும் அதே பேச்சுதான்.

"ஹோட்டல்ல ரூம் எடுத்திடுவோமா?" என்றான் அறைத்தோழன் சேவியர்.

"ஒரு மணி நேரத்துக்கு ரூம் எடுத்து, பன்னிரண்டு பேர் உக்காந்து பாட்டு கேட்டோம்னு சொல்லு. உன் பொண்டாட்டியே நம்ப மாட்டா."

உம்மு சல்மா வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். லிட்டில் இந்தியாவில் தலைமுறையாகக் கடை வைத்திருக்கும் குடும்பம். குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார்: "நம்ம வீடு ஈசூன்ல இருக்கு தம்பி. பெரிய ஹால். அங்க வெச்சுக்குங்க."

சேவியரின் முகம் மலர்ந்தது. சின்னராசு தரையைப் பார்த்தான்.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. உங்க வீட்ல வெச்சா அது உங்க வீட்டுக் கச்சேரி. நாங்க வந்து ஓரமா உக்காந்து சாப்பிட்டுட்டுப் போவோம். மறுபடியும் அதேதான்."

"ரொம்பத்தான் ரோஷம்."

"ஆமாக்கா."

அந்த 'ஆமாக்கா' அவருக்குப் பிடித்துவிட்டது. "சரி. காலையில சாவியைக் குடுத்திடுறேன். சாயங்காலம் வரைக்கும் அது உங்க வீடு. நானும் வீட்டுக்காரரும் வெளிய போயிடுறோம். போதுமா?"

"போகக் கூடாது. நீங்களும் பாயும் விருந்தாளியா வரணும். ஆனா நாலு மணிக்கு முன்னாடி வரக் கூடாது."

"என் வீட்டுக்கு நான் எப்ப வரணும்னு நீ சொல்றியா?"

"இன்னிக்குச் சொல்லலேக்கா. அன்னிக்கு அது எங்க வீடு, அன்னிக்குச் சொல்றேன்."

கச்சேரிக்குக் குறித்த ஞாயிறு வந்தது. காலை ஒன்பது மணிக்குச் சட்டி, மூட்டை, ஒரு வாழையிலைக் கட்டோடு பன்னிரண்டு பேர் எட்டாவது மாடியில் அந்த ஈசூன் வீட்டு வாசலில் நின்றார்கள். உம்மு சல்மாவின் கணவர் காதர் மைதீன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே ஒருமுறை எண்ணினார். முப்பது ஆண்டு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆட்களை எண்ணுவது பழக்கம்.

"பாட்டு இன்னும் வெளியவே வரலே. எதை நம்பிப்பா அறுநூறு வெள்ளி போட்டீங்க?"

"உங்க பஸ்ல ஏறினவங்க எல்லாம் உங்களைத் தெரிஞ்சா பாய் ஏறினாங்க?" என்றான் சின்னராசு.

"நான் கொண்டு போய் விட்டேன்ல?"

"அவளும் விடுவா."

காதர் மைதீன் சாவியைக் கொடுத்துவிட்டார்.

கோழி, லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தையில், ஹலால் கடையில் வாங்கியது. சமையல் முத்துராமன். டார்மிட்டரியில் நான்கு மாடிக்கும் அவன் குழம்பு வாசனை தெரியும். பதினொரு மணிக்கு அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்திலிருந்து உம்மு சல்மா போனில் அழைத்தார்.

"தம்பி, அடுப்புல பெரிய பக்கத்தை அமுக்கித்தான் திருப்பணும்."

"விருந்தாளி அடுப்பைப் பத்திக் கவலைப்படக் கூடாதுக்கா."

"சும்மா சொன்னேன். தேங்காய்ப்பால் மேல் தட்டுல..."

சின்னராசு சிரித்துக்கொண்டே அழைப்பைத் துண்டித்தான்.

மூன்றரைக்கெல்லாம் வீடு கூட்டி, பாய் விரித்து, பன்னிரண்டு பேரும் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றார்கள். யாரும் உட்காரவில்லை. சின்னராசு கதவருகே நின்று ஒரே சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். நாலு மணிக்கு அழைப்புமணி அடித்தது.

வாசலில் கித்தாரோடு இளமதி. மூவரும் லிஃப்டில் சேர்ந்து ஏறியிருக்கிறார்கள். பின்னால் உம்மு சல்மா, பட்டுப் புடவையில். அவர் பின்னால் காதர் மைதீன்.

சின்னராசு வாய் திறப்பதற்குள் இளமதி பின்னால் திரும்பி உம்மு சல்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆன்ட்டி, ரொம்ப தேங்க்ஸ். உங்க வீட்டைக் குடுத்திருக்கீங்க, இவங்களுக்கு இது எவ்ளோ பெரிய ஹெல்ப் தெரியுமா?"

நல்ல பெண். நல்ல மனதோடுதான் சொன்னாள். ஆனால் கூடத்தில் நின்ற பன்னிரண்டு பேரும் ஒரு சுற்றுச் சிறுத்தது போலிருந்தது. இரும்புக் கதவைப் பிடித்திருந்த சின்னராசுவின் கை கீழே இறங்கியது.

"எந்த வீடு?" என்றார் உம்மு சல்மா.

"இந்த..."

"நானும் உன்னை மாதிரிதாம்மா. கூப்பிட்டாங்க, வந்திருக்கேன். வீட்டுக்காரங்க அதோ நிக்கிறாங்க பாரு."

காதர் மைதீன் இருபத்திரண்டு வருடமாகச் செருப்பைக் கழற்றி உள்ளே அலமாரியில் வைப்பவர். இப்போது ஒற்றைக் காலில் நின்றபடி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, இதை எங்க விடுறது?"

இளமதி அவரைப் பார்த்தாள். சின்னராசுவைப் பார்த்தாள். முகம் சிவந்தது. உள்ளே வைத்திருந்த ஒரு காலை எடுத்து, வாசலுக்கு வெளியே போய், நேராக நின்றாள்.

சின்னராசு கதவை அகலத் திறந்தான்.

"வாங்கம்மா. வாங்கக்கா. வாங்க பாய். செருப்பை அப்படியே ஓரமா விடுங்க. உள்ள வாங்க, உக்காருங்க."

குரல் அவன் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. நடைபாதையின் கடைசி வீட்டில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

இளமதி பாடினாள். மின்னல் வருகிறதென்று ஷிப்யார்டில் சைரன் அடித்தால் வேலை நிற்குமே, அந்தப் பத்து நிமிடத்தைப் பற்றிய பாட்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை சேவியர் சொன்ன கதையை வைத்துக் கட்டியது. சேவியர் பாட்டு முழுக்கப் பக்கத்தில் இருந்தவன் தொடையைத் தட்டிக்கொண்டே இருந்தான்.

"பேஜ் ஓப்பன் பண்ணி ஒன்பது நாள்," என்றாள் இளமதி, கித்தாரைச் சுருதி சேர்த்தபடி. "நாலே பேர்தான் போட்டிருந்தாங்க. அதுல ஒண்ணு எங்கம்மா. மூடிடலாம்னு இருந்தேன். பத்தாவது நாள் பார்த்தா 'அறை 7-12'. யாருடா இதுன்னு மத்தவங்க எட்டிப் பார்க்க ஆரம்பிச்சாங்க. இப்ப இருநூத்திப் பத்துப் பேர். அடுத்த மாசம் ரெக்கார்டிங்."

"சிடி அட்டையில அறை பேரு போடுவீங்களா?" என்றான் முத்துராமன் சமையலறை வாசலிலிருந்து.

"அறையா பாட்டு கேட்டுச்சு? பன்னிரண்டு பேரும் தனித்தனியா. பேரை எழுதிக் குடுங்க. முதல் பக்கம்."

சேவியர் பேனா தேடப் போனான்.

காதர் மைதீன் தன் சோபாவில் சாயாமல், நுனியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். பிறகு பாயில் இலை போட்டார்கள். முத்துராமன் இரண்டாம் முறை குழம்பு ஊற்ற வந்தபோது, "போதும், போதும்" என்று விருந்தாளி மாதிரியே இலைக்கு மேல் கையை நீட்டி மறைத்தார். மூன்றாம் முறை மறைக்கவில்லை. உம்மு சல்மா, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்க, பேனா தேடிய சேவியர் தம்ளர் தேடி அலமாரி அலமாரியாகத் திறந்தான். எந்த அலமாரி என்று தெரிந்தும் அவர் வாய் திறக்கவில்லை.

ஆறு மணிக்கு இளமதி கிளம்பினாள். உம்மு சல்மாவும் முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"நீ எங்க போறே?" என்றார் காதர் மைதீன் மெதுவாக.

"விருந்து முடிஞ்சா கிளம்ப வேணாமா? எழுந்திரிங்க. அவங்க வீட்ல பாத்திரம் கழுவ வேண்டியிருக்கும்."

பன்னிரண்டு பேரும் லிஃப்ட் வரை வந்தார்கள். சின்னராசு பொத்தானை அமுக்கி, கதவைக் கையால் பிடித்துக்கொண்டு மூவரையும் ஏற்றினான்.

"சாப்பாடு எப்படிக்கா?"

"உப்பு ஒரு கல் கம்மி. மத்தபடி குறை இல்லே."

"சொல்லிடுறேன்." கதவிலிருந்து கையை எடுத்தான். "அடிக்கடி வாங்கக்கா."

"வர்றோம் தம்பி," என்றார் உம்மு சல்மா. "நீங்களும் ஒரு நாள் நம்ம வீட்டுக்கு வாங்க."