சும்மா பார்த்துக்கொண்ட பிள்ளை

கண்டக்டரம்மாவின் பஸ்ஸில் டிக்கெட் எடுக்காதவன் எவனும் தப்பி இறங்கியதில்லை. கூட்டத்தில் முதுகைக் காட்டி நிற்பவனையும், தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்பவனையும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவாள். அப்பேர்ப்பட்டவள் சொந்த வீட்டில் ஏமாந்துபோனாள் என்றால் யாரை நோவது?

பிரசவ லீவு முடிந்தபோது கைக்குழந்தையை யாரிடம் விடுவது என்று தவித்துக்கொண்டிருந்தாள். கீழ் வீட்டிலிருந்து நாத்தனார் படியேறி வந்தார். பிள்ளையில்லாதவர். தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கூலிப் பேச்சை எடுத்ததும் முகம் சுண்டிப்போயிற்று. தம்பி பெண்ணைப் பார்த்துக்கொள்ள யாராவது கூலி வாங்குவார்களா என்று கேட்டார். புருஷனுக்கு வாயெல்லாம் பல். இவளுக்கும் உள்ளூரச் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்வானேன்.

முதல் டிரிப்புக்கு விடியுமுன் ஓட வேண்டும். எதற்குப் பிள்ளையின் தூக்கத்தைக் கெடுப்பது என்று முந்தின ராத்திரியே கீழ் வீட்டில் படுக்கவைத்தாள். அப்படியே பழகிப்போயிற்று. மகள் எழுந்து நடந்ததை நாத்தனார் சொல்லித்தான் தெரிந்துகொண்டாள். ஒருநாள் வேலை முடிந்து வந்தால் மகளுக்கு முடியை ஒட்ட வெட்டியிருந்தது. சும்மா பார்த்துக்கொள்கிறவரை எந்த முகத்தோடு கேட்பது? பள்ளிக்கூடத்தைக்கூட நாத்தனார்தான் முடிவு செய்தார். இவள் தலையை ஆட்டினாள்.

இப்போது வெளியூருக்கு மாற்றல் வந்திருந்தது. பகல் வேலை, தங்க வீடு, டிப்போவிலேயே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள். இனி மகளைத் தன் பக்கத்தில் படுக்கவைத்துக்கொள்ளலாம். பின்னாலேயே வருவதாகச் சொன்ன புருஷன், அக்காவிடம் நீயே பேசிக்கொள் என்று நழுவிவிட்டான்.

மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கீழே போனாள். தூக்கப் போனதும் மகள் வீறிட்டு அத்தையின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"அண்ணி, இத்தனை நாள் பாத்துக்கிட்டீங்க. என்ன வேணும்னாலும் கேளுங்க, குடுத்துடறேன். எம் பொண்ணை அனுப்பிடுங்க."

நாத்தனார் கோபப்படவில்லை. பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"சம்பளம் வாங்கியிருந்தா இன்னையோட நின்னுக்கன்னு நீ சொல்லலாம். நான்தான் ஒண்ணும் வாங்கலையே."

அவள் நின்ற இடத்திலேயே அழுதாள். மகள் மடியிலிருந்து முகத்தை எடுக்காமலே சொன்னாள்:

"நேரமாச்சு, நீ டியூட்டிக்குப் போம்மா."