குழிக்குள் கிடந்த செல்வம்

கிரேக்க நாட்டு எலியூசிஸ் ஊரில் செல்வம் என்றால் மண்ணுக்கடியில் குழியில் கிடக்கும் பார்லிதான். அதைத்தான் புளூட்டோஸ் என்பார்கள். வெள்ளி வைத்திருப்பவன் பசித்தால் வெள்ளியைக் கடிக்கட்டுமே!

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வீட்டுப் பானைகள் காலி. லைசில்லாவின் சின்ன மகளுக்கு எழுந்து நிற்கவும் தெம்பில்லை. மிச்சமிருந்தது விதைக்கென்று களிமண் பூசி மூடிய குழி ஒன்றுதான்.

"திறந்துடுவோம்," என்றான் புருஷன் மீக்கோன். "புள்ள போனப்புறம் யாருக்கு வெதைக்கிறது?"

அவன் தம்பி தெக்ஸிஸ் மூடியைப் பெயர்த்தான். ஆள் இறங்குமுன் கீழே பாதாளத்தில் இருக்கும் மரணதேவனுக்குக் காணிக்கையாக விளக்கு இறக்குவது வழக்கம். கயிற்றில் இறக்கிய விளக்கு பாதியிலேயே அணைந்தது. மறுபடி ஏற்றி இறக்கினார்கள். மறுபடியும் அணைந்தது.

"வாங்கிக்கிட்டான்!" என்று மீக்கோனுக்கு ஒரே சந்தோஷம். விளக்கை எடுத்துக்கொண்டால் அவன் வழிவிட்டான் என்று ஊரே நம்பியது. பாழாய்ப்போன நம்பிக்கை!

"கொஞ்சம் பொறுங்களேன்," என்றாள் லைசில்லா.

"வயிறு பொறுக்குமா? நீ போய் உலைய வை." சிரித்துக்கொண்டே கூடையோடு இறங்கினான்.

ஒரு இருமல் கேட்டது. பிறகு சத்தமே இல்லை.

"அண்ணா!" தெக்ஸிஸ் குழிக்குள் காலை வைத்தான். லைசில்லா அவன் இடுப்பைக் கட்டிப் பின்னால் இழுத்தாள்.

"விடுங்க அண்ணி! உசுரு இருக்கும்!"

"நீயும் போயிட்டா எங்களுக்கு யாருடா இருக்கா?"

அவன் அடித்தான், திட்டினான். அவள் பிடியை விடவில்லை. உள்ளே உயிர் இருந்திருக்கலாம் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தே விடவில்லை.

குழிக்குள் தேங்கி விளக்கையும் அணைத்த கெட்ட காற்றைப் போர்வையை உள்ளே வீசி வீசி விரட்டினார்கள். மறுநாள்தான் விளக்கு அணையாமல் அடிவரை போனது. தெக்ஸிஸ் இறங்கி அண்ணனைக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினான். லைசில்லா மரணதேவனைப் பேர் சொல்லிச் சபித்தாள்.

"ஐயோ, பேரச் சொல்லாதம்மா, இன்னொரு ஆளையும் கேப்பான்," என்று பதறினான் பக்கத்து வீட்டு லம்போன். "புளூட்டோன்னு சொல்லு, செல்வக்காரன்னு. நம்ம பார்லியக் காக்குறவன் அவன்தானே?"

"காக்குறவனா? வித்தான்யா! என் புருஷன வாங்கிக்கிட்டு அளந்து கொடுத்தான்!"

லம்போன் குனிந்து கூடைக் கயிற்றைப் பிடித்து இழுத்தான்.

முதல் கூடை மேலே வந்தது. மீக்கோன் முகம் குப்புற விழுந்து கிடந்த இடத்துப் பார்லி. அதைத் தனியே ஒதுக்கிவைக்க அவள் கை நீட்டினாள். அதற்குள் மகள் தவழ்ந்து வந்து ஒரு பிடி அள்ளி வாயில் போட்டுவிட்டாள்.

லைசில்லாவின் கை அந்தரத்திலேயே நின்றது.

"நல்லா மென்னு முழுங்கு, கண்ணு," என்றாள்.