நீதிபதி வந்த மதியம்

தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில் ஐலா ரொட்டிகளுக்கு நடுவே பன்றிக்கறியை வைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். மேலே, திறந்த சவப்பெட்டிக்குள் அப்பா இருந்தார்.

"வெண்ணெய நல்லா தடவு. காஞ்ச ரொட்டின்னா ரெய்னோவுக்கு ஆகாது," என்றாள் அம்மா.

"அப்பா சாப்பிடப் போறதில்லம்மா."

"அவரோட கூட்டாளிங்க சாப்பிடுவாங்க. டுலூத் ஊரு முழுக்கப் போய்ச் சொல்லுவாங்க." அம்மா காப்பிப் பானையில் தண்ணீர் ஊற்றினாள். "உன் நீதிபதி ஆபீசுக்கு நேத்து போன் பண்ணினேன்."

ஐலாவின் கத்தி நின்றது.

"எதுக்கு?"

"நீ வாயத் தொறந்தாத்தானே? திங்கக்கிழமையே போறேங்குற. அவ அப்பா தவறிட்டாரு, ஒரு வாரம் லீவு குடுங்கன்னு கேட்டேன். போன எடுத்ததே அந்தம்மாதான். யாரோட அப்பான்னு ரெண்டு தடவ கேட்டாங்க. அப்புறம், அடக்கம் எத்தன மணிக்குன்னு கேட்டாங்க."

ஐலா ஆபீசில் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

சட்டம் படித்து முடித்ததும் ஒரு வருடம் நீதிபதிக்கு உதவியாளராக இருக்கும் வேலை அது. அந்த ஒரு வருடம் கிடைத்தவர்கள் அதன்பின் வேலை கேட்டுப் போனால் யாரும் திருப்பி அனுப்புவதில்லை. மினியாபொலிஸில் நேர்காணலின்போது நீதிபதி காஃப்லின் அவளுடைய மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு, இந்த ஒரு பருவத்தில் மட்டும் என்ன ஆயிற்று என்று கேட்டார். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த பருவம் அது. கல்லூரியில் எல்லோரும் சொல்லிக்கொடுத்தது அவளுக்கு நினைவிருந்தது. வீட்டில் நோயாளி இருப்பதாகச் சொல்லாதே, பாதி நாள் ஊருக்கு ஓடிவிடுவாய் என்று நினைப்பார்கள்.

"அப்போ அப்பா இறந்துட்டார்," என்றாள்.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். வருத்தம் தெரிவித்தார். அங்கேயே வேலையையும் கொடுத்தார். நீதிபதி கொடுத்தால் யோசித்துச் சொல்கிறேன் என்று யாரும் சொல்வதில்லை. அவளும் சொல்லவில்லை.

மேலே வழிபாடு நடந்தபோது அவள் பெட்டியைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தபடி இருந்தாள். இரண்டாவது பாட்டின் நடுவில் நீதிபதி கறுப்புக் கோட்டோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். பெட்டியை மூடியதை ஐலா கவனிக்கவில்லை.

கல்லறையிலிருந்து திரும்பிய பிறகு, கீழ்த்தளத்தில் நீதிபதி காகிதத் தட்டோடு எல்லோரையும் போல வரிசையில் நின்றார். அப்பாவோடு சாலைத் துறையில் வேலை பார்த்த வெர்ன் அவருக்கு உருளைக்கிழங்கை அள்ளி வைத்தான்.

"நீதிபதியம்மா, வேகமா போனான்னு ரெய்னோ மேல ஒரு கேஸ் இருக்கு. இப்பவாவது தள்ளுபடி பண்ணுவீங்களா?"

"ஆள் நேர்ல வந்து கேக்கணும்."

வெர்ன் வாய்விட்டுச் சிரித்தான். அம்மாவும் சிரித்தாள். சிரிப்பு அடங்கும்போது நீதிபதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்களப் பாக்கணும்னு அவருக்கு அவ்வளவு ஆச. இவ உங்க முன்னாடி உறுதிமொழி எடுத்த நாளு, காலைலயே முடி வெட்டிக்கிட்டு வந்து உக்காந்துட்டாரு. ஒரு கை வராது, நான்தான் பட்டன் போட்டு விட்டேன். கிளம்புற நேரத்துக்கு இவ போன் பண்ணி, குடும்பத்த உள்ள விடமாட்டாங்களாம்னா. அவரு கோவிச்சுக்கல. சட்டம்னா சட்டம்தானேன்னு சட்டையக் கழட்டிட்டாரு."

அன்று அவளோடு உறுதிமொழி எடுத்த இன்னொரு உதவியாளரின் பெற்றோர் முன்வரிசையில் இருந்தார்கள். அவனுடைய தங்கை எல்லோரையும் நிற்கவைத்துப் படம் எடுத்தாள். நீதிபதி ஐலாவின் தோளில் கை வைத்து, உன் அப்பா பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னார்.

நீதிபதி இப்போது ஐலாவைப் பார்த்தார். ஐலா காப்பிக் கோப்பைகளைப் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றார் நீதிபதி அம்மாவிடம். "அந்த அறை ரொம்பச் சின்னது. யாரையும் விடறதில்ல."

"அதத்தான் நானும் அவருகிட்ட சொன்னேன்."

நீதிபதி தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டார். அம்மா பொட்டலம் கட்டிக் கொடுத்த இனிப்பையும் வாங்கிக்கொண்டார்.

ஐலா அவரோடு வெளியே வந்தாள். அப்பாவுக்கு மரியாதையாகச் சவ ஊர்வலத்துக்கு முன்னால் போன சாலைத் துறையின் பனி தள்ளும் வண்டிகளில் ஒன்று, ஆகஸ்ட் வெயிலில், நீதிபதியின் காரை மறித்து நின்றது. வெர்ன் வாயைத் துடைத்துக்கொண்டே சாவியோடு ஓடி வந்தான். அவன் வண்டியைக் கிளப்பும்வரை இருவரும் காத்திருக்க வேண்டியிருந்தது.

"மேடம், நான்…"

"இன்னிக்கு வேணாம். அம்மாவோட ஒரு வாரம் இரு. அப்புறம் காலைல, மத்தவங்க வர்றதுக்கு முன்னாடி, என் அறைக்கு வா." நீதிபதி கார்க் கதவைத் திறந்தார். "ஆபீஸ் சாவியக் கொண்டு வந்து குடுத்துடு."

"சரி, மேடம்."

வண்டி பின்னால் நகர்ந்தது. கார் வெளியேறிச் சாலையில் திரும்பியது. வெர்ன் வண்டி மேலிருந்து தலையை நீட்டினான்.

"நீதிபதியே வந்துட்டாங்களே! எம்பொண்ணு நீதிபதிகிட்ட இருக்கான்னு உங்கப்பன் சொன்னப்ப, போடா, பொய் சொல்லாதன்னு சிரிச்சோம்."

ஐலா தலையசைத்தாள். வண்டியின் கூரைமேல் இருந்த மஞ்சள் விளக்கை அவன் அணைக்கவில்லை. அது சுற்றிக்கொண்டிருந்தது. வெயிலில் எரிவதே தெரியவில்லை.